ஆராய்ச்சி மாணவரின் நாட்குறிப்பு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபொழுது, எண்ணை அழித்துத் திருத்தி எழுதிவிடும் மாணவர்களை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். சிறிய பிழைதான். ஆயினும் அதே கை பின்னாளில் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இறங்கும்பொழுது, அப்பழக்கம் பெருங்கேடு விளைக்கும்.

ஆராய்ச்சி மாணவர் அளவுகளைக் குறிக்கும் ஏட்டோடு, சிந்தனைக்கென ஒரு நாட்குறிப்பும் வைத்துக்கொள்ளுதல் நன்று. இன்று என்ன செய்தேன், ஏன் இவ்வழியைத் தேர்ந்தேன், எது விளங்கவில்லை என்பவற்றை அதில் எழுதவேண்டும்.

'இவையெல்லாம் நினைவில் இராவா?' என்று கேட்கலாம். தம் முடிவுக்கு மாறான செய்தி கிடைத்தால் உடனே குறித்துக்கொள்வதைச் சார்லஸ் டார்வின் ஒரு விதியாகவே கொண்டிருந்தார். சாதகமானவற்றைக் காட்டிலும் மாறானவையே விரைவில் மறந்துபோகின்றன என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். நாம் பொய் சொல்ல விரும்புவதில்லை. மனம் நமக்காக மறந்துவிடுகிறது.

1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானொலித் தொலைநோக்கி நாள்தோறும் வரைந்து தள்ளிய ஏறத்தாழ நூறு அடித் தாளைக் கண்ணால் ஆராய்ந்து வந்தார். அதில் ஓரிடத்தில் கால் அங்குல அளவே ஓர் அடையாளம். அது அவர் அறிந்த எவ்வகையிலும் அடங்கவில்லை. அதனை அவர் ஒதுக்கிவிடவில்லை. வானத்தின் அதே பகுதியில் முன்னரும் கண்டதாக ஓர் ஐயம் எழுந்தது. பழைய தாள்கள் சான்று கூறின. ஏறத்தாழ 1.3 வினாடிக்கு ஒரு முறை துடிக்கும் விண்மீன் அது! 'பல்சார்' எனப்படும் இனத்தின் முதற் கண்டுபிடிப்பு 1968 பிப்ரவரியில் வெளியாயிற்று. அவருடைய ஆய்வேட்டிலோ அது பிற்சேர்க்கையாகவே இடம் பெற்றது. ஏனெனில் அவர் தேடிச் சென்ற பொருள் வேறு.

நாட்குறிப்புக்கு மாலையில் பத்து நிமிடம் போதும். தேதியிட்டு எழுதுக. 'வேலை ஓடவில்லை' என்று புலம்பி நிறுத்தாமல், எந்த இடத்தில் நின்றது என்று எழுதுக. கருத்து மாறினால் பழையதை அடிக்காமல், மாறிய காரணத்தைக் கீழே சேர்க்க. மாத இறுதியில் ஒருமுறை திரும்பப் படிக்க. வாய்மொழித் தேர்வில், 'ஏன் இவ்வழியை மேற்கொண்டீர்?' என்று கேட்கும்பொழுது, விடை அங்கே காத்திருக்கும்.

மாணவர்களே, இதற்குப் பட்ட ஆராய்ச்சி வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நாளை ஆய்வுக்கூடத்தில் விடை தவறி வந்தால் அழிக்காதீர்கள். வந்ததை வந்தபடியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.