கோடை வெப்பமும் கணினியும்

தமிழகத்தில் கோடை வெயில் கடுமையாக வாட்டும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. ஆந்திர எல்லையை அடுத்துள்ள இம்மலைக்கோயில் நகரில், மே மாத வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடப்பது இயல்பு. இவ்வெப்பம் கணினியை எவ்வாறு பாதிக்கிறது?

நுண்செயலியிலும் வரைகலை அட்டையிலும் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இயங்குகையில் மின்னாற்றல் வெப்பமாக மாறுகிறது. அதனை உலோகத் தகடுகள் ஏற்க, விசிறி அறைக்காற்றில் கலக்கச் செய்கிறது. எனவே, விசிறி எத்துணை விரைவாகச் சுழன்றாலும் நுண்செயலியை அறைக்காற்றைவிடக் குளிர்விக்க இயலாது. 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் இயங்கும் நுண்செயலி, விசிறியின் வேகம் மாறாதிருப்பின், 40 டிகிரி அறையில் அதே பணிக்கு ஏறத்தாழ 90 டிகிரியை எட்டும்.

கடும்பணியின்போதும் வெப்பநிலை 85 டிகிரிக்குள் இருப்பது நலம். இன்டெல் நுண்செயலிகள் பலவற்றின் உச்சவரம்பு 100 டிகிரி. என்விடியா வரைகலை அட்டைகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 90 டிகிரி. வரம்பை நெருங்கினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மீறினால் நின்றுவிடும். சேமிக்காத பணி அழிந்துபோகும்.

ஆகவே, மடிக்கணினியை மெத்தைமீது வைத்துக் காற்றுத்துளைகளை அடைத்தலாகாது. விசிறியில் படியும் தூசியை அவ்வப்போது நீக்குதல் வேண்டும். கோடையில் கடும்பணிகளை நண்பகலில் தவிர்த்து, காற்று குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் மேற்கொள்ளுதல் நன்று.