மூன்று வருஷத் தவணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்த ஒரு சட்டத்தைப்பற்றி நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது யுத்தத்தைப்பற்றியதன்று, வரியைப்பற்றியதுமன்று. பிறருடைய சிறுநீரகத்தைப் பெற்று உயிர் வாழ்பவர்கள் தினந்தோறும் உட்கொள்ளவேண்டிய மருந்துக்குச் சர்க்கார் எத்தனை காலம் உதவவேண்டும் என்பதே அதன் விஷயம். அதற்குமுன் அந்த உதவி பலருக்கு 36 மாதங்களோடு நின்றுவிடும். 37-வது மாதம் முதல் நோயாளி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த 36 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? சரீர சாஸ்திரத்திலிருந்து வரவில்லை என்பது நிச்சயம்.

1954-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜோஸப் மர்ரேயும் அவருடைய சகாக்களும் ரொனால்ட் ஹெரிக் என்பவருடைய சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார்கள். இருவரும் ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர். அதை ஊர்ஜிதம் செய்துகொள்ளும் பொருட்டு ஒருவருடைய தோலை மற்றவருடைய உடலில் ஒட்டிப் பார்த்ததோடு, இருவரையும் போலீஸாரிடம் அனுப்பி விரல் ரேகையும் எடுத்தார்கள். கோர்ட்டுகளில் பழகிய நமக்கு இந்த இரண்டாவது சாட்சியம் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. ஏனெனில் ஒரே கரு இரட்டையருக்கும் ரேகைகள் முற்றிலும் ஒன்றாயிருப்பதில்லை. தோல் சொன்ன சாட்சியமே பெரிது. ஒட்டிய தோல் உதிராமல் நிலைத்தது. அதைப்போலவே சிறுநீரகமும் நிலைத்தது. ரிச்சர்டு மேலும் 8 வருஷங்கள் வாழ்ந்து, விவாகம் செய்துகொண்டு, குழந்தைகளையும் பெற்று, 1963-ல் காலமானார். அப்பொழுதும் அவருடைய உடல் அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடவில்லை. அவருடைய பழைய வியாதியே புதிய உறுப்பையும் பற்றிக்கொண்டது.

இரட்டையரல்லாத மற்றவர்களின் நிலைமை வேறு. நம் உடலில் உட்கருவுள்ள அணுக்களில் பெரும்பாலானவை தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்களை அடையாளமாகத் தாங்கி நிற்கின்றன. இந்த அடையாளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாக வருவதால், பெற்ற தாயின் அடையாளமும் பிள்ளைக்குப் பாதிதான் பொருந்தும். ரத்தத்தில் உலாவும் டி-அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள், இந்த அடையாளம் மாறியிருக்கக் கண்டால், வந்திருப்பது உயிர் காக்க வந்த உறுப்பா, உயிர் பறிக்க வந்த கிருமியா என்று விசாரிப்பதில்லை. அந்நியம் என்ற ஒரு குற்றமே அவற்றுக்குப் போதும். பி-அணுக்கள் என்ற வேறொரு வகுப்பு, அந்த அடையாளத்தையே குறிவைத்து எதிர்ப்புப் புரதங்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. இவ்விரண்டு வகுப்பிலும், ஒரு முறை கண்ட பகையை நெடுங்காலம் மறவாமலிருக்கும் அணுக்களும் உண்டு.

இந்தப் பகையை அடக்குவதற்கு மருந்துகள் பிறந்தன. 1960-ம் வருஷங்களில் அஸதையோப்ரினும் ஸ்டீராய்டும் வந்தன. நார்வே தேசத்து மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த ஸைக்ளோஸ்போரினை 1983-ல் அமெரிக்கச் சர்க்கார் அங்கீகரித்தது. ஜப்பானில் ஸுகுபா மலையடி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. கடைசியில் சொன்ன இரண்டும், டி-அணு தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளக் கொடுக்கும் கட்டளையைத் தடுக்கின்றன. ஆனால் கட்டளையைத் தடுக்கின்றனவேயன்றிப் பகையை மறக்கச் செய்வதில்லை. மருந்து ரத்தத்தில் உள்ளவரையில் சமாதானம். மருந்து குறைந்தால் பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும். மூன்று வருஷம் கழிந்ததனால் காலவரம்பு கடந்துவிட்டது என்று தள்ளுபடி செய்யும் கோர்ட்டு நம் உடலில் இல்லை.

முதல் வருஷத்தைப் பொறுத்தமட்டில் வைத்தியர்கள் பெரும்பாலும் வெற்றி கண்டுவிட்டார்கள். உண்மையான போராட்டம் அதன் பிறகுதான். அமெரிக்கக் கணக்குப்படி, 1995 முதல் 1999 வரையில் வைக்கப்பட்டவற்றில், இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்கள் பாதியளவு நிலைத்திருந்த காலம் 8.2 வருஷம். 2014 முதல் 2017 வரையில் வைக்கப்பட்டவற்றுக்கு அது 11.7 வருஷமாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. உயிரோடிருப்பவர்கள் கொடுத்தவற்றுக்கு 12.1 வருஷம் 19.2 ஆக உயர்ந்திருக்கிறது. இது சிறிய முன்னேற்றமன்று. எனினும், முப்பது வயதில் சிறுநீரகம் பெற்ற ஒருவர் தம் ஆயுளில் இன்னொன்றையும் தேடவேண்டியிருக்கும் என்பதும் இதே கணக்கின் பொருளே.

பின்னாளில் அவை கெடுவது ஏன்? சில வேளைகளில் மருந்தே நாளடைவில் சிறுநீரகத்தைப் புண்படுத்துகிறது. சில வேளைகளில் பழைய வியாதி திரும்புகிறது. ஆனால் கானடாவில் எட்மன்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் தலைமையில் 2012-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, காரணம் தெரிந்த 56 சிறுநீரகங்களில் 36 கெட்டது, உடல் அவற்றை எதிர்த்ததனாலேயே என்று கண்டது. அந்த எதிர்ப்பில் எதிர்ப்புப் புரதங்களுக்கு முக்கிய பங்கு இருந்தது. இப்புரதங்கள் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றன. வலியில்லை, சுரமில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்போது தீமை வெகுதூரம் நடந்து முடிந்திருக்கும். அந்த 36 பேரில் 17 பேர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்கள் என்று அவர்களுடைய வைத்தியர்கள் குறித்திருந்தார்கள்.

ஒழுங்காக உட்கொள்ளாதவர்கள் என்பது சுலபமாகச் சொல்லக்கூடிய வார்த்தை. தரித்திரம் ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. இளம்பிராயத்தின் அசட்டையும், உடம்பு நன்றாயிருக்கிறதே என்ற மயக்கமும் காரணங்கள்தாம். ஆனால் வாங்கச் சக்தியில்லாமல் இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக்கிக்கொள்பவனையும் அதே ஜாபிதாவில் சேர்ப்பது நியாயமாகாது. 36 மாதச் சட்டம் அத்தகையவர்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தது என்பதுதான் நம் ஆக்ஷேபம்.

அதன் சரித்திரத்தைப் பாருங்கள். 1972-ல் ஜனாதிபதி நிக்ஸன் காலத்தில் இயற்றிய சட்டத்தின்படி, சிறுநீரகம் அடியோடு கெட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த வயதினராயினும் மெடிகேர் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். மனிதத்தன்மை வாய்ந்த சட்டம் அது. 1986-ல் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் மருந்துக்கு ஒரு வருஷ உதவி ஏற்பட்டது; பின்னர் அது 36 மாதமாயிற்று. 2000-ம் வருஷத்தில், வயது முதிர்ந்தவர்களுக்கும் அங்கஹீனர்களுக்கும் மாத்திரம் இந்த வரம்பு நீக்கப்பட்டது. மிச்சமிருந்தவர்கள் யார்? புதிய சிறுநீரகத்தின் பயனாகத் திடம்பெற்று உழைக்கப் புறப்பட்ட இளைஞர்களும் நடுவயதினருமே. குணமடைந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்! மருந்தின்றிச் சிறுநீரகம் கெட்டுவிட்டாலோ, அதே சர்க்கார் அவர்களைத் திரும்ப அழைத்து, மருந்துச் செலவைப்போல் பல மடங்கு செலவாகும் டயாலிஸிஸுக்கு, தேவைப்படும் காலம் முழுவதும் பணம் கொடுக்கும். கூரையில் ஓடு மாற்றக் காசில்லை, வீடு இடிந்தால் கட்டித் தருகிறோம் என்று சொல்லும் எஜமானனை நாம் கதைகளிலும் கண்டதில்லை. வரம்பை நீக்கினால் பொக்கிஷத்துக்கு மிச்சமே என்று 2019-ல் சர்க்கார் இலாகாவே கணக்குக் காட்டிய பிறகு, 2020-ம் வருஷம் டிசம்பரில் காங்கிரஸ் சபை மனம் இரங்கியது.

தூர தேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வேலூரில் 1971-லேயே இச்சிகிச்சை வெற்றியுடன் நடந்த நாடு இது. 1994-ல் நம் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், உறுப்பை யார் கொடுக்கலாம், விலைக்கு விற்றால் என்ன தண்டனை என்பவற்றையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லுகிறது. ரண சிகிச்சைக்கு நகையை விற்ற குடும்பம், அதன் பிறகு மாதந்தோறும் எதை விற்கும் என்ற கேள்வி இங்கேயும் உண்டு.

மருந்தே இல்லாமல் உடலைச் சமாதானப்படுத்தும் வழியும் ஆராயப்பட்டு வருகிறது. கொடுத்தவரின் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தோடு சேர்த்து வைத்து, ஐந்து பேரில் நான்கு பேருக்கு மருந்தை நிறுத்த முடிந்தது என்று பாஸ்டன் வைத்தியர்கள் 2008-ல் அறிவித்தார்கள். ஆனால் அது இன்னும் பொது வழக்கமாகவில்லை. ஆகவே மருந்தைப்பற்றிய சட்டத்தையே நாம் கவனிக்க வேண்டும்.

புதிய சட்டத்தை நாம் வரவேற்கிறோம்; ஆனால் முழு மனத்தோடு வரவேற்க இயலவில்லை. வேறு எந்த இன்ஷ்யூரன்ஸும் இல்லாதவர்களுக்கே அது பயன்படும். 2023-ல் அதற்கு மாதச் சந்தா 97 டாலர் 10 சென்டு. அதற்குமேல் மருந்து விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் நோயாளியே தரவேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தவிர வேறொன்றுக்கும் அத்திட்டம் பொறுப்பேற்பதில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கியதனால் கிருமிகள் புகுந்து சுரம் கண்டால், அந்தச் சுரத்துக்கான வைத்தியத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை.