மூலிகைச் சாறும் வெள்ளெலியும்

"பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்போர் உளர். தலைமுறை தலைமுறையாக உண்டும் தீங்கு காணவில்லை என்பது அவர்தம் வாதம். உடனே தோன்றும் தீங்கை அனுபவம் காட்டிவிடும். ஆண்டு பல கழித்து வருவதைக் காட்டுவது அரிது.

ஆய்வுக்கூடத்தில் மூலிகைச் சாற்றை அளந்து, குழல் வழியே வெள்ளெலியின் இரைப்பையிற் செலுத்துவர். உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே வேளையில் கொடுத்து, 14 நாள் கவனிப்பர். எலி பிழைத்தது என்பதாலேயே சாறு தீங்கற்றது ஆகிவிடாது. ஆதலால் வேறு எலிகளுக்கு 90 நாள் தொடர்ந்து கொடுத்துக் குருதியைச் சோதிப்பர். ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியிற் காண்பர்.

நம் ஊர்களில் ஆடுதீண்டாப்பாளை என்றொரு மருந்துச் செடி உண்டு. (ஆடு தன் முடிவை முன்னரே கூறிவிட்டது போலும்!) அதிலும் அதன் இனத்துக் கொடிகளிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. இவ்வமிலத்தை மூன்று மாதம் உண்ட எலிகளின் முன்னிரைப்பையில் புற்று தோன்றியதென 1982-இல் ஆய்வு வெளிவந்தது. அதன் பின்னரும், 1990 முதல் 1992 வரை பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலியக் கொடுத்த மருந்தில் வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இவ்வினத்துக் கொடி சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. மனிதனுக்கு முன்னிரைப்பை என்னும் உறுப்பே இல்லை. அந்நோயாளிகளுட் பலருக்குப் புற்று வந்தது சிறுநீர்ப் பாதையில்.