நெரிசலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

நான் பணிபுரியும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரத்திலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தெற்கே, கிழக்கில் கடலும் மற்ற மூன்று பக்கங்களில் தமிழ்நாடும் சூழ அமைந்துள்ளது. வடக்கே தரங்கம்பாடிப் பக்கமிருந்து பூவம் வழியாகவும், தெற்கே நாகூரிலிருந்து வாஞ்சூர் வழியாகவும், மேற்கே பேரளத்திலிருந்து அம்பகரத்தூர் வழியாகவும் வெளியூர் வாகனங்கள் வருகின்றன. வாஞ்சூரில் துறைமுகம் இருப்பதால் லாரிகளும் உண்டு. இதே சாலைகளில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள்.

இங்கு நெரிசல் திடீரென வருவதில்லை. நாள்தோறும் பள்ளி, அலுவலக நேரம்; வாரந்தோறும் சனிக்கிழமை திருநள்ளாறு; ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனித் திருவிழா; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி. திருநள்ளாற்றில் இவ்விழா 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 ஆகிய நாள்களில் நடந்தது. வரும் நாள் முன்பே தெரிவதால் திட்டமிடவும் முடிகிறது. ஊருக்கு வெளியே வாகன நிறுத்தங்கள், தற்காலிகப் பேருந்து நிலையங்கள், ஒருவழிப்பாதைகள் அமைக்கப்படுகின்றன. கொரோனாக் காலமான 2020இல் பக்தர்கள் இணையவழியில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. சாலையை அகலப்படுத்தாமலே, கூட்டத்தை நேரவாரியாகப் பிரிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நெரிசலை எப்படி அளப்பது? வாகனங்களை எண்ணினால் மட்டும் போதாது. அவை சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதே முக்கியம். இதற்காக இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், காரை ஒன்று எனக் கொண்டு மற்ற வாகனங்களுக்கு மதிப்பு வகுத்துள்ளது. ஊரகச் சாலைகளுக்கான அதன் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியில் சைக்கிளுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 0.5, கார், ஆட்டோவுக்கு 1, பேருந்து, லாரிக்கு 3, டிரெய்லருடன் கூடிய டிராக்டருக்கு 4.5, மாட்டுவண்டிக்கு 8. இதைக் ‘கார் அலகு’ என வகுப்பில் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 15 நிமிடத்தில் 60 இருசக்கர வாகனங்கள், 20 கார்கள், 8 பேருந்துகள், 2 டிராக்டர்கள் போகின்றன எனக் கொள்வோம். மொத்தம் 90 வாகனங்கள்; அலகில் 30 + 20 + 24 + 9 = 83. வேறொரு நாள் அதே நேரத்தில் 40 இருசக்கர வாகனங்கள், 20 கார்கள், 22 லாரிகள், 6 டிராக்டர்கள். மொத்தம் 88தான்; அலகில் 20 + 20 + 66 + 27 = 133. வாகனங்கள் குறைந்தும் சாலையின் சுமை கூடிவிட்டது.

அடுத்தது, வரிசை எப்படி நீள்கிறது என்பது. ஒரு சந்திப்பில் நிமிடத்துக்கு 30 வாகனங்கள் வந்து, 28 மட்டுமே கடந்தால், அரை மணி நேரத்தில் 60 வாகனங்கள் தேங்கும். மிஞ்சுவது இரண்டுதான், தேக்கமோ பெரிது. வருகையைச் சிறிது குறைத்தாலோ பரப்பினாலோ தேக்கம் கரையும். கைப்பேசி வரைபடத்தில் சாலை சிவப்பாகத் தெரிவதும் இந்தத் தேக்கத்தால்தான். வண்டிகளில் உள்ள கைப்பேசிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்தே அந்நிறம் காட்டப்படுகிறது.

நம் பள்ளி வாசலிலும் இதே கணக்குத்தான். மணி அடித்ததும் எல்லா வகுப்புகளும் ஒரே நேரத்தில் வெளியேறுகின்றன. பெற்றோர் வண்டிகள், ஆட்டோக்கள், வேன்கள் அங்கேயே நிற்கின்றன. சிறு பிள்ளைகள் அவற்றின் இடையே புகுந்து சாலைக்கு வருகிறார்கள். நிற்கும் வேனுக்குப் பின்னாலிருந்து வரும் குழந்தை, எதிரே வரும் ஓட்டுநர் கண்ணில் படாது.

புள்ளியியல் பாடம் நடத்தும்போது ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். மாணவர்களைச் சுற்றுச்சுவருக்கு உள்ளேயே, ஆசிரியர் பார்வையில் நிறுத்துங்கள். குழுவுக்கு ஒரு வகை வாகனமாகக் கொடுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேர்க்கோட்டுக் குறிகளால் எண்ணச் சொல்லுங்கள். கார் அலகுக்கு மாற்றிப் பட்டை விளக்கப்படம் வரையட்டும். தொடக்க வகுப்பினருக்கு வண்டிகளை வகைப்படுத்தி எண்ணுவதே போதும்.

எந்தக் கால் மணி நேரம் உச்சம் என்பது படத்தில் தெரிந்துவிடும். அந்தப் படத்தைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள். சிறு வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பலாமா, வண்டிகளை வாசலிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லலாமா, போக்குவரத்துக் காவலரை எந்த நேரத்துக்குக் கேட்பது என்று பேசுங்கள். “வாசலில் ஒரே கூட்டம்” என்ற புகாரைவிட, பிள்ளைகள் எண்ணித் தந்த ஒரு தாள் அங்கே வலுவாகப் பேசும்.