அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் தளவமைப்பை மேம்படுத்தல்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் தளவமைப்பு என்பது, சுற்றுப்படத்தில் உள்ள உறுப்புகளைப் பலகையில் எங்கே வைப்பது, அவற்றைச் செப்புத் தடங்களால் எவ்வாறு இணைப்பது என்பதைத் தீர்மானிக்கும் பணியாகும். சுற்றுப்படம் சரியாக இருந்தும் பலகை தவறாக இயங்குவதுண்டு. படத்தில் வரையப்படும் கோட்டுக்கு மின்தடையோ மின்தூண்டலோ இல்லை; செப்புத் தடத்துக்கு இரண்டும் உண்டு. எனவே ஒவ்வொரு மின்னோட்டமும் எவ்வழியாகச் சென்று எவ்வழியாகத் திரும்புகிறது என்று பார்ப்பதே தளவமைப்பை மேம்படுத்துவதன் முதற்படியாகும்.

பொதுத் தரைத் தடத்தால் வரும் பிழை

ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தி, எல்எம்35 வெப்பநிலை உணரி, ஒரு சிறிய மோட்டார் ஆகியவை கொண்ட பலகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பலகைகளில் செப்பின் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர் ஆகும். இத்தடிப்பில் 0.25 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் உள்ள தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். மோட்டாரின் 500 மில்லிஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே திரும்பினால், தடத்தின் இரு முனைகளுக்கிடையே 50 மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றும்.

எல்எம்35 ஒரு பாகை செல்சியசுக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. உணரியின் தரை முனை இதே தடத்தின் மோட்டார் பக்க முனையில் இணைக்கப்பட்டிருந்தால், மோட்டார் சுழலும்போதெல்லாம் அளவீடு 5 பாகை கூடுதலாகக் காட்டும். நிரலை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதன் காரணம் புலப்படாது.

தடத்தை 2.5 மி.மீ. ஆக அகலப்படுத்தினால் பிழை அரைப் பாகையாகக் குறையும். மோட்டாரின் தரைத் தடத்தை நேராக மின்வழங்கி இணைப்பானுக்குக் கொண்டுசென்று, உணரியின் தரையை நுண்கட்டுப்படுத்திக்குத் தனியே இணைப்பது இதைவிடச் சிறந்தது.

மின்தேக்கிகளின் இடம்

நுண்கட்டுப்படுத்தியின் உள்ளே நிலைமாற்றிகள் மாறும் கணத்தில் சிறிதளவு மின்னோட்டம் திடீரெனத் தேவைப்படுகிறது. அதை உடனே வழங்குவதற்காகவே 100 நானோஃபாரட் பீங்கான் மின்தேக்கி சேர்க்கப்படுகிறது. மெல்லிய தடத்தின் மின்தூண்டல், தோராயமாக ஒரு மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றி எனக் கொள்ளப்படும். மின்தேக்கிக்கு இடையில் 20 மி.மீ. தடம் இருந்து, 5 நானோநொடியில் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர் மாறினால், அத்தடத்தில் 0.2 வோல்ட் இழக்கப்படும்.

ஏடிமெகா328பியின் 28 கால் வடிவத்தில் 7ஆம் காலில் மின்வழங்கலும் 8ஆம் காலில் தரையும் அடுத்தடுத்து உள்ளன. ஒரு மின்தேக்கியை இவற்றை ஒட்டியும், மற்றொன்றை 20, 22ஆம் கால்களை ஒட்டியும் வைக்க வேண்டும். 9, 10ஆம் கால்களில் இணையும் படிக அலையியற்றியும் அதன் இரு மின்தேக்கிகளும் அருகிலேயே அமைய வேண்டும்.

தரைத்தளம்

இரண்டு அடுக்குப் பலகையில் கீழடுக்கை இயன்றவரை முழுமையான தரைச் செப்பாக விடுவது நல்லது. உயர் அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம், சமிக்ஞைத் தடத்துக்கு நேர் கீழேயே ஓட முனைகிறது. கீழடுக்கில் நீளமான தடம் ஒன்று குறுக்கே வெட்டினால் அது சுற்றிச் செல்ல நேரிடும். சுற்றுவழியின் பரப்பு பெருகி, இரைச்சலை வெளியிடுவதும் உள்வாங்குவதும் கூடும். எனவே கீழடுக்கில் தடங்கள் தேவைப்பட்டால் அவற்றைக் குறுகிய பாலங்களாகவே அமைக்க வேண்டும். தரைத்தளம் இருந்தாலும், மோட்டாரின் மின்னோட்டம் உணரியின் அடியில் செல்லாதபடி மோட்டார் இணைப்பானை மின்வழங்கியின் அருகில் வைக்க வேண்டும்.

செய்யும் வரிசை

முதலில் இணைப்பான்கள், அடுத்து நுண்கட்டுப்படுத்தி, பின்னர் அதன் மின்தேக்கிகளும் படிகமும் இடம்பெற வேண்டும். தடங்களை அதன் பிறகே வரைய வேண்டும். கிகேட் போன்ற மென்பொருள்களின் விதிச் சரிபார்ப்பு, தடங்களின் இடைவெளியையும் விடுபட்ட இணைப்புகளையும் கண்டுபிடிக்கும். உணரியும் மோட்டாரும் ஒரே தரைத் தடத்தைப் பகிர்வதைப் பிழையாகக் காட்டாது. ஆகவே தயாரிப்புக்கு அனுப்பும் முன், பலகையை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, உறுப்புகளை அதன்மீது வைத்துப் பார்ப்பதுடன், பெரிய மின்னோட்டங்கள் திரும்பும் வழியையும் அதில் வரைந்து பார்ப்பது பயனளிக்கும்.