பெயரின் தாய்ப்பத்திரம்

சென்னை முகப்பேரில் உள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை வேண்டிக்கொண்டால் பிள்ளை வரம் கிட்டும் என்பது நம்பிக்கை. அந்த 'மகப்பேறு'தான் நாளடைவில் முகப்பேர் ஆனது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பதற்குக் காதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. எந்த ஆண்டில், எந்த ஏட்டில், எந்த எழுத்தில் அது பதிவானது என்று பின்னோக்கிப் போய்த்தான் தீர வேண்டும். போனால் என்னவெல்லாம் வெளிவரும் என்பதற்கு, சென்னை வரை வந்து சேர்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாமில்டன்.

அசல் ஸ்காட்லாந்துப் பெயர் என்று எவரும் நினைக்கக்கூடிய பெயர் இது. ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் முதலில் பதிவாகும் ஆள், 1290-களில் பெய்ஸ்லி மடத்துச் சாசனம் ஒன்றில் சாட்சியாக வரும் வால்ட்டர் ஃபிட்ஸ்கில்பர்ட். அவர் பெயரோடு ஒட்டியிருந்த ஹாமில்டன் என்ற ஊர்ப்பெயர் இங்கிலாந்துப் பக்கத்தது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1314-ல் பானக்பர்ன் போர் முடிந்ததும் அவர் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் பக்கம் சேர்ந்தார். காட்ஸோ என்ற ஊரின் நிலங்கள் அவருக்குக் கிடைத்தன. 1445-ல் காட்ஸோ என்ற பெயரே போய், ஊர் ஹாமில்டன் ஆயிற்று. ஏதோ ஓர் ஊர் தந்த பெயரைச் சுமந்து வந்த குடும்பம், இன்னோர் ஊரின் பழைய பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிவிட்டது. ஹாமில்டன் நகருக்குப் போய் நின்று, இங்கிருந்துதான் இந்தக் குடும்பப் பெயர் வந்தது என்று சொல்பவர் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார். அதன் பிறகு அந்தப் பெயர் அயர்லாந்துக்கும், மேற்கிந்தியத் தீவுகள் வழியாக அமெரிக்காவுக்கும் கப்பலேறியது.

பெயர் ஒன்றாக இருந்தால் தந்தைவழியும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. 1800-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கடற்கரை, மலபார் என்று ஊர் ஊராகப் பயிரையும் தொழிலையும் குறித்துக்கொண்டு போன ஃபிரான்சிஸ் புக்கானன் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். பிற்காலத்தில் தாய்வழிச் சொத்து வந்து சேர்ந்தபோது ஹாமில்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். சொத்தோடு வந்த பெயர் அது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

சென்னையில் நடந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் சுவையானது. மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஒன்றை ஹாமில்டன் என்ற பொறியாளர் கட்டினாராம். தமிழ் வாயில் 'ஹ' உதிர்ந்தது. மிச்சம் இருந்த ஒலி, முடிதிருத்துபவரைக் குறித்த 'அம்பட்டன்' என்ற பழைய சொல்லாகக் காதில் விழுந்தது. அதை ஆங்கிலேயரே திரும்ப மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றார்கள். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தரும் விளக்கம் இது. பாலத்துக்கு இன்று டாக்டர் அம்பேத்கரின் பெயர்.

அப்படியானால் நீயும் காதைத்தானே நம்புகிறாய் என்று வாசகர் மடக்கினால் அது நியாயம். மகப்பேறுக்கு வைத்த அளவுகோலை ஹாமில்டனுக்கும் வைக்கத்தான் வேண்டும். ஒலி மாறிய விதம் நம்பும்படி இருக்கிறது; ஆனால் பாலத்தை அவர் கட்டியதற்கான ஆவணத்தைக் காட்டும்வரை அதை நல்ல விளக்கம் என்றுதான் சொல்வேன், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒலி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு மெக்கன்சி, மெக்டொனால்ட் பெயர்களில் வரும் 'மக்' போதும். கேலிக் மொழியில் அதற்கு 'மகன்' என்று பொருள். ஒலியும் பொருளும் அப்படியே ஒத்துப்போகின்றன. உடனே தமிழிலிருந்து போனது என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். ஆனால் அயர்லாந்தின் பழங்கல்வெட்டுகளில் அந்தச் சொல் 'மக்கி' என்று, 'க்வ' என ஒலித்த எழுத்தோடு பதிவாகியிருக்கிறது. அதே சொல் வேல்ஸ் மொழியில் 'மாப்' ஆகி, 'அப்' என்று தேய்ந்தது. 'அப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன், 'பாரி' என்ற குடும்பப் பெயரானது. 1788-ல் சென்னைக்கு வந்த வேல்ஸ்காரர் தாமஸ் பாரியின் பெயர்தான் பாரிமுனையில் நிற்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதேபோல் தமிழ் 'மகன்' என்ற சொல்லுக்கும் 'மக்'குக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல்தான்.

பக்தர்களின் நம்பிக்கையில் தலையிடுகிறாயே என்று சிலர் வருந்தலாம். பெருமாளிடம் வேண்டிக்கொள்ள ஊர்ப்பெயரின் வரலாறு தேவையில்லை. அந்த வேண்டுதலுக்கு இதனால் ஒரு குறையும் வராது. எழுத்தில்தான் கவனம் வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஒலியை மட்டும் வைத்து எழுத்தை முடிவுசெய்வது எவ்வளவு சிக்கல் என்பதை அது காட்டியது. முகப்பேரில் பழைய வீடோ மனையோ வைத்திருப்பவர்கள் பீரோவைத் திறந்து தாய்ப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிராமத்தின் பெயர் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.