பங்குனி உத்திரத்தன்று வராத வேன்கள்

2020 ஏப்ரல் 6, திங்கள்கிழமை, பங்குனி உத்திரம். தென்மாவட்டக் குடும்பங்கள் பலவும் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படும் நாள். நாடு தழுவிய ஊரடங்கின் 13-ஆம் நாளும் அதுவே. கடை திறக்க அனுமதித்திருந்த காலை வேளையில், கையில் மளிகைப் பையுடன் எம். புதுப்பட்டிச் சாலையில் நடந்தேன். வேம்புகள் பூத்திருந்தன. உதிர்ந்த பூவை மிதிக்க ஆளில்லை. வேப்பம்பூவும் நுங்கும், விடிந்ததுமே சுடத் தொடங்கும் வெயிலும்தான் கரிசல் மண்ணின் வசந்தம்.

ஊரடங்கு தந்த அமைதியைப் பற்றி அந்நாட்களில் பலரும் உருகி எழுதினார்கள். பஞ்சாபின் ஜலந்தர் நகரிலிருந்து தௌலாதார் பனிமலைகள் தெரிந்ததைப் படம்பிடித்துப் பகிர்ந்தார்கள். அந்த வியப்பு பொய்யில்லை. ஆனால், சிவகாசி வட்டாரத்தில் அமைதி என்பதற்கு வேறு பொருள் உண்டு.

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இப்பகுதியில்தான் தயாராகிறது என்பார்கள். அதனால் இங்கே நாள் முழுதும் வெடியோசை கேட்கும் என்று எண்ணும் வெளியூர் நண்பர்கள் எனக்கு உண்டு. நடைமுறை நேர்மாறானது. பட்டாசு ஆலை என்பது ஒரே பெரிய கட்டடமன்று. பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு அறைகளின் கூட்டம். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறையைத் தொடாதிருக்கவே அந்த இடைவெளி. மருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. நிலைமின்சாரத்துக்கு அஞ்சிப் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். உராய்வுக்கு அஞ்சி எதையும் தரையில் இழுக்காமல் தூக்கித்தான் வைக்க வேண்டும். 'சமூக இடைவெளி' என்ற சொல்லை நாடு 2020-ல் கற்றுக்கொண்டது. இவ்வூர்ப் பெண்களுக்கோ அது பழைய பாடம். (ஆலைக்கு அழைத்துப்போகும் வேனுக்குள் மட்டும் அந்தப் பாடம் செல்லாது.) விதிகள் காக்கப்படும்வரை ஆலை ஓசையற்ற இடம். அங்கிருந்து பெருஞ்சத்தம் எழுந்தால் அது விபத்து.

ஆக, அன்று ஊரில் குறைந்திருந்தது வெடிச்சத்தம் அல்ல. விடியலில் தெருமுனையில் ஒலிக்கும் வேன்களின் ஹாரனும், தூக்குவாளியோடு ஓடிவரும் பெண்களின் பேச்சும்தான்.

திண்ணையில் அமர்ந்திருந்த ஓர் அம்மாளிடம் நலம் கேட்டேன். மகள் ஆலைக்குப் போகிறவர். "அவ வேலைக்குப் போனா, ஆம்புலன்ஸ் சத்தம் வருதான்னு காது ரோட்டுலயே கெடக்கும் அண்ணாச்சி. இப்ப அந்தப் பயம் இல்ல. ஆனா சனிக்கிழமை வந்தா சம்பளமும் இல்லையே" என்றார். செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, வாரக் கடைசியில் பட்டுவாடா, நடுவே அடைபடாத முன்பணக் கடன் என்பதுதான் இங்கே பல வீடுகளின் கணக்கு. அரிசி அட்டைக்கு அரசு வழங்கிய 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் உதவின. ஆனால் ஆறு நாள் கூலிக்கு அவை ஈடாகவில்லை.

முந்தைய இரவு 9 மணிக்கு, பிரதமரின் அழைப்பை ஏற்று 9 நிமிடம் நாடே விளக்கேற்றியது. பல நகரங்களில் சிலர் பட்டாசும் வெடித்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தேன். அதுல லட்சுமி வெடி சத்தமும் கேட்டுச்சு. எம் மக ஒட்டுனதாக்கூட இருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. சிறிது பெருமைகூட இருந்ததாக எனக்குப் பட்டது. இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

மே மாதத்தில் பாதித் தொழிலாளர்களோடு ஆலைகள் திறந்தன. நவம்பரில், தீபாவளிக்குச் சில நாள்களே இருக்கையில், ராஜஸ்தானும் டெல்லியும் பட்டாசுக்குத் தடை விதித்தன. புகையால் நுரையீரல் நோயாளிகளுக்கு வரும் கேட்டை நான் மறுக்கவில்லை; ஆனால், ஊரடங்கில் இழந்த கூலியைத் தேடி உழைத்துச் செய்த சரக்கு அதற்குள் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தி பரவிய அந்தப் பிற்பகலில், தன் மகள் வேலை செய்வது வேறு ஆலை என்று தெரிந்தும், அந்த அம்மாள் வேன் வரும்வரை தெருமுனையில்தான் நின்றிருப்பார்.